ரெண்டு பக்கமும் கேட்டாச்சு, அப்புறம்?

இந்தப் பொங்கல் விடுமுறையில் ஆத்தங்குடியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து ‘விருமாண்டி’ பார்த்தோம். நான், அம்மா, சித்தி மகன், கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவர் என்று நான்கு பேர். தம்பி இங்கே ஒரு பூக்கல் பட்டறையில் வேலை பார்க்கிறான். நண்பர் காரைக்குடிக்காரர். ஆதிக்கச் சாதிக் குடும்பத்தில் பிறந்தவர், ஆனால் எங்கள் வீட்டில் உரிமையோடு தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிடுகிறவர். படம் 2004 பொங்கலுக்கு வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். முழுதாக ஒரே மூச்சில் பார்த்தது இப்போதுதான்.

படம் முடிந்ததும் பேச்சு தொடங்கியது. நண்பருக்கு இது பிடித்த படம், பல தடவை பார்த்தவர். “ஒரே சம்பவம், ஆளுக்கு ஒரு உண்மை. கொத்தாளன் சொல்றப்ப அவன் நல்லவன், விருமாண்டி சொல்றப்ப இவன் நல்லவன். எந்த விஷயத்துலயும் ரெண்டு பக்கமும் கேக்கணும், அதான் படம் சொல்லுது” என்றார்.

தம்பி சிரித்தான். “ரெண்டு பக்கமும் ஒரே பக்கந்தானேண்ணே.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “அந்தப் பிள்ளைய மட்டும் யாரும் கேக்கலயே, பாப்பா?” அன்னலட்சுமியைத்தான் சொன்னார்.

வன்கொடுமை வழக்குகளில் சாட்சிகள் என்ன ஆகிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நான்கு வருடமாகத் தீர்ப்புகளையும் வாக்குமூலங்களையும் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் அதிலிருந்து எடுத்துப் பேச வேண்டியதைத் தம்பியும் அம்மாவும் ஆளுக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டு வரிகளுக்கான விளக்கம்தான். அதோடு, நண்பர் சொன்ன ‘ரெண்டு பக்கமும் கேக்கணும்’ என்ற வார்த்தை எங்கள் வீட்டில் அன்று ஏன் அவ்வளவு கனத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படம் உண்மையில் என்ன சொல்கிறது?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. மரண தண்டனை பற்றி ஆவணப்படம் எடுக்கச் சிறைக்கு வருகிறார் ஏஞ்சலா காத்தமுத்து (ரோகிணி). ஆயுள் தண்டனைக் கைதி கொத்தாளத் தேவன் (பசுபதி) முதலில் தன் கதையைச் சொல்கிறான். தூக்குத் தண்டனைக் கைதி விருமாண்டித் தேவன் (கமல்ஹாசன்) பிறகு தன் கதையைச் சொல்கிறான். ஊர், ஆட்கள், சம்பவங்கள் எல்லாம் அதேதான். யார் யாரை ஏமாற்றியது, யார் யாரைக் கெடுத்தது என்பது மட்டும் தலைகீழாக மாறிவிடுகிறது.

இந்த மாதிரிப் படங்களைப் பற்றிப் பேசும்போது ‘ஆளுக்கு ஒரு உண்மை’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் ‘விருமாண்டி’ அப்படிச் சொல்லவே இல்லை. கொத்தாளன் சொல்வது பொய், விருமாண்டி சொல்வது மெய் என்று படம் தெளிவாகவே முடிவெடுக்கிறது. பொய்யை முதலில் நம்பவைத்துவிட்டுப் பிறகு நம் அவசரத்தை நமக்கே காட்டுகிறது. அவசரத் தீர்ப்பில் ஒருவன் தூக்குமேடைக்குப் போகக்கூடும் என்பதுதான் அதன் வாதம். மரண தண்டனைக்கு எதிரான படமாக அதை மதிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இந்த வகைக்குத் தமிழில் முன்னோடியான படத்துக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஏவி.எம். நிறுவனர் ஏ.வி.மெய்யப்பன் காரைக்குடிக்காரர். 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். ‘நாம் இருவர்’ (1947) அங்கே எடுத்த படம். பிறகு கோடம்பாக்கத்துக்குப் போன அந்த நிறுவனம்தான் 1954இல் எஸ்.பாலசந்தர் இயக்கத்தில் ‘அந்த நாள்’ எடுத்தது. பாட்டே இல்லாத படம். 1943இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த சமயத்தில் ரேடியோ இன்ஜினியர் ராஜன் (சிவாஜி கணேசன்) சுடப்பட்டுச் சாகிறார். வீட்டாரும் பக்கத்து வீட்டுக்காரரும் மற்றவர்களும் ஆளுக்கு ஒரு கதை சொல்லி, ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டுகிறார்கள். வந்தபோது ஓடாத அந்தப் படம் பிற்பாடு கொண்டாடப்பட்டது. அதிலும் கடைசியில் துப்பறிகிறவர் உண்மையைக் கண்டுபிடித்துவிடுகிறார். பல கதைகளைக் கேட்பது முடிவுக்கு வருவதற்காக. முடிவெடுக்காமல் தப்பிப்பதற்காக அல்ல.

இவற்றுக்கெல்லாம் மூலம் என்று சொல்லப்படும் அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’ (1950) மட்டும்தான் முடிவைத் திறந்து விடுகிறது. கொள்ளைக்காரன், செத்துப்போன சாமுராயின் ஆவி, அவன் மனைவி, மரவெட்டி என்று நால்வர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மரவெட்டியைச் சுலபமாகக் கடந்து போய்விடுகிறார்கள். அவன் ஏழை, வீடு நிறையப் பிள்ளைகள். விசாரணையில், தான் பிணத்தைத்தான் பார்த்ததாகச் சொன்னான். உண்மையில் நடந்ததையே பார்த்திருந்தான். வம்பில் மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. அங்கே கிடந்த விலையுயர்ந்த குறுவாளை எடுத்துக்கொண்டதையும் மறைத்தான். சாட்சி சொல்லாமல் இருப்பதற்கும் பாதி சொல்வதற்கும் ஒருவருக்கு அவர் வாழ்க்கையிலேயே காரணம் இருக்கும். உண்மை என்று ஒன்று இல்லாததாலா நமக்கு அது கிடைக்காமல் போகிறது? பார்த்தவர்கள் வாய் திறக்க முடியாததாலும்தான். ஆய்வுக்காக நான் படித்த வழக்குகள் எனக்குக் கற்பித்தது இதைத்தான்.

நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள்?

தம்பி சொன்னதற்கு வருகிறேன். ஏஞ்சலாவின் கேமரா முன்னால் உட்கார்ந்து கதை சொன்ன இருவர் பெயருக்குப் பின்னாலும் ‘தேவன்’ இருக்கிறது. இருவரும் ஆண்கள், இருவரும் ஆயுதம் எடுத்தவர்கள். பகை எதிர் ஊர் நாயக்கரோடும் தங்களுக்குள்ளேயும். அந்த ஊரிலும் ஒரு சேரி இருந்திருக்கும். அங்கிருந்து ஒருவர் வந்து, இந்த இரண்டு தேவர்களின் சண்டை தன் தெருவிலிருந்து பார்க்கும்போது எப்படி இருந்தது என்று சொல்லும் மூன்றாவது பாகம் படத்தில் இல்லை. அதனால்தான் தம்பிக்கு இரண்டு பக்கமும் ஒரே பக்கமாகத் தெரிந்தது.

அன்னலட்சுமி (அபிராமி) இரண்டு கதையிலும் வருகிறாள். ஒன்றில் அவளை விருமாண்டி பலவந்தப்படுத்துகிறான், இன்னொன்றில் அவனை அவள் காதலிக்கிறாள். செத்துப்போனதால் அவளுடைய கதை அவள் வாயால் வரவே இல்லை. ‘ரஷோமோன்’ செத்தவனைக் கூட ஆவியாக வரவழைத்துச் சாட்சி கேட்டது. இங்கே செத்த பெண்ணின் விருப்பத்தைக்கூட இரண்டு ஆண்கள்தான் சொல்கிறார்கள். சாதியைக் காப்பதற்குப் பெண்ணின் திருமணமே பூட்டு என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதினார். அந்தப் பூட்டைப் பற்றிப் பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று இன்னும் பலருக்குத் தோன்றவில்லை.

படத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘சண்டியர்’. 2003இல் புதிய தமிழகம் கட்சியின் டாக்டர் கிருஷ்ணசாமி அந்தப் பெயரை எதிர்த்தார். அது சாதி வன்முறையைப் பெருமைப்படுத்தும், மோதலைத் தூண்டும் என்றார். சர்ச்சை பெரிதாகிப் பெயர் மாறியது. அன்று கருத்துச் சுதந்திரம் பற்றி நிறையப் பேர் பேசினார்கள். நம் பக்கத்திலேயே இன்றும் இதில் இரண்டு கருத்து உண்டு. பெயரை எதிர்த்தது சரி என்பவர்கள் இருக்கிறார்கள். வீராப்பு கடைசியில் கூட்டக் கொலையில்தான் முடியும் என்றுதானே படம் காட்டுகிறது, பெயரோடு மல்லுக்கட்டியது வீண் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு கலைப்படைப்பைத் தடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ‘சண்டியர்’ என்ற சொல் ஒருவருக்கு மீசை முறுக்கும் சொல்லாகவும், அந்தச் சண்டியரின் தெரு வழியே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும் சொல்லாகவும் இருக்கிறது என்பதை அந்த எதிர்ப்புதான் பொதுவெளியில் வைத்தது. ஒரு சொல்லுக்கே இரண்டு பார்வை உண்டு என்று காட்டியதற்கு அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பல கோணப் படம் என்பது ஒரே படத்துக்குள்தான் நடக்க வேண்டும் என்று இல்லை. 1992இல் வந்த ‘தேவர் மகன்’ படத்தில் வடிவேலு நடித்த இசக்கியை நினைத்துப் பாருங்கள். பெரிய வீட்டுக்காக ஒரு பூட்டை உடைத்து, அதற்குக் கையை இழந்தவன். படம் அவனை அங்கேயே விட்டுவிட்டுப் பெரிய வீட்டின் துயரத்தைப் பார்க்கப் போய்விட்டது. 2023 ஜூனில் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு விழாவில், கமல்ஹாசனை வைத்துக்கொண்டே, அந்த இசக்கிதான் தன் மாமன்னன் என்று மாரி செல்வராஜ் சொன்னார். முப்பது வருடம் கழித்து மூன்றாவது சாட்சியை அதே நடிகரின் உடம்பில் கூப்பிட்டு வந்து உட்கார வைத்தார்.

பிறகு என்ன நடந்தது? ஓடிடியில் படம் வந்ததும் ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலுவின் காட்சிகளை வெட்டி எடுத்து, சாதிப் பெருமைப் பாட்டுகளை ஒட்டிச் சமூக ஊடகத்தில் ஓட்டினார்கள். நாயை அடித்துக் கொல்கிற, மனிதரை உட்காரவிடாத ஒருவனை ஒரு சாதி மட்டுமல்ல, பல ஆதிக்கச் சாதி இளைஞர்கள் ஆளுக்குத் தங்கள் ஆளாகக் கொண்டாடினார்கள். ‘பார்வையாளர் கருத்து பலவிதம்’ என்று இதையும் விட்டுவிடலாமா? திரையில் யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து மட்டும் கதை மாறுவதில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நாம் எந்தத் தெருவிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறுகிறது.

முன்வாசலும் பின்வாசலும்

இதை ஆத்தங்குடிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்குள்ள பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்னால் முகப்பு, அதைத் தாண்டி வளவு, பிறகு இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கடைசியில் பின்வாசல். பர்மா தேக்குத் தூணும் வண்ணக் கண்ணாடியும் எங்கள் ஊர்ப் பூக்கல்லும் முன்பக்கம். சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுப்பதும் அந்தப் பக்கத்தைத்தான். ஜமீன் வீடு, நாட்டாமை வீடு, பெரிய மனிதர் வீடு என்று கதைக்குக் கதை அது வேஷம் போடும்.

என் அப்பா பூக்கல் அச்சில் சாயம் ஊற்றியவர். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீரில் நாள்கணக்கில் ஊற வைப்பார்கள். அம்மா அப்படி ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு முற்றத்தைப் பெருக்கி வந்தார். அந்த வீட்டின் கிணறு, கழுநீர் போகும் வழி, விறகு அடுக்கும் இடம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. முன்வாசல் முகப்பை அவர் முதலில் பார்த்தது தொலைக்காட்சியில் ஒரு படத்தில்தான். கிணற்றை அடையாளம் கண்டுபிடித்து, “இது நம்ம பெருக்குற வீடுல்ல!” என்றார். அப்பா ஊற்றிய சாயத்தின் மேல் கதாநாயகன் நடந்துகொண்டிருந்தான்.

கிராமம் என்பதும் இப்படித்தான். காந்திக்கு அது இந்தியாவின் ஆன்மா. அம்பேத்கருக்கு அது அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் தேங்கிய குட்டை. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அவர் அதைச் சொன்னபோது பல உறுப்பினர்களுக்குக் கோபம் வந்தது. இரண்டு பேரும் ஒரே கிராமத்தைத்தான் பார்த்தார்கள், ஒருவர் முன்வாசல் வழியே, இன்னொருவர் உள்ளே விடப்படாமல் வெளியே நின்று. இரண்டும் பார்வைதான் என்று சொல்லி நிறுத்தினால் நியாயம் கிடைக்காது. உள்ளே விடப்படாதவர்தான் அந்த வீட்டின் சட்டத்தை முழுதாக அறிந்தவர்.

நீதிமன்றத்தில் ரஷோமோன்

திரையில் இது ரசனைப் பிரச்சினை. நீதிமன்றத்தில் உயிர்ப் பிரச்சினை.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. பெரும் நிலமும் காரும் உள்ள வசதியானவர்கள், வேலைக்காரர்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் இருந்த ஒரு காரணம். பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் காரில் போகிறவர் பற்றி நீதிமன்றம் வைத்திருந்த சித்திரம், கூலிக்காரர் கண்ணால் பார்த்ததைத் தோற்கடித்தது. இரண்டு பக்கமும் கேட்கத்தான் செய்தார்கள். ஒரு பக்கத்தின் வார்த்தைக்குத் தராசில் எடையே இல்லை.

2015 ஜூன் 23. பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். அடுத்த நாள் ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடைத்தார். தற்கொலை என்று ஒரு கதை தயாராக இருந்தது. அதை உடைத்தது கோயிலின் சிசிடிவி கேமரா. முக்கியச் சாட்சியான அந்தத் தோழி முதலில் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தவர், விசாரணையில் பிறழ்சாட்சி ஆனார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் அவரை மீண்டும் அழைத்து சிசிடிவி காட்சியைப் போட்டுக் காட்டியது. அதில் இருப்பது நான் இல்லை என்றார்.

அவரைத் திட்டி எழுதியவர்கள் நிறையப் பேர். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. சொந்தச் சாதியே எதிரில் நிற்கும்போது ஒரு பெண் தன் முகத்தையே தன்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டி வருகிறது என்றால், அவர் முதுகுக்குப் பின்னால் என்னென்ன நின்றிருக்கும்? நீதிபதிகள் அத்தோடு விட்டுவிடவில்லை. ‘ஆளுக்கு ஒரு உண்மை’ என்று கையை விரிக்கவில்லை. திருச்செங்கோட்டுக்கே போய் இடத்தைப் பார்த்தார்கள். காட்சியையும் சூழ்நிலைச் சான்றுகளையும் பொருத்திப் பார்த்து 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள். சாட்சி வாய் மூடிய இடத்திலும் உண்மையைத் தேட முடியும். தேட வேண்டும் என்ற எண்ணம் வேண்டும்.

எங்கள் மாவட்டத்திலேயே கச்சநத்தம் இருக்கிறது. 2018 மே 28 இரவு ஊருக்குள் புகுந்து வெட்டியதில் பட்டியல் சாதியைச் சேர்ந்த மூன்று பேர் உயிரிழந்தார்கள். 2022 ஆகஸ்டில் சிவகங்கை சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நான்கு வருடம் அந்த ஊர் மக்கள் சாட்சியத்தில் நின்றார்கள் என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை. இப்படியான சம்பவங்களுக்கு மறுநாள் செய்தியில் வழக்கமாக வரும் தலைப்பு ‘இரு தரப்பினர் மோதல்’. வெட்டியவரும் வெட்டுப்பட்டவரும் அந்த இரண்டு சொல்லில் சமமாகிவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டு வழக்கு

இப்போது அன்றிரவு வார்த்தை ஏன் கனத்தது என்று சொல்கிறேன். வழக்கு நிலுவையில் இருப்பதால் ஊரையும் ஆட்களையும் சொல்லவில்லை.

போன வருடம் ஒரு மாலை, தம்பி பக்கத்து ஊர் வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தான். செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்ன பாட்டு என்பது உங்களுக்கே தெரியும். நான்கு பேர் மறித்தார்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடித்தார்கள், போனை உடைத்தார்கள். வேலை முடிந்து பேருந்துக்காகக் கண்மாய்க் கரையில் நின்றிருந்த அம்மா அதைப் பார்த்தார். ஓடிப் போய்த் தடுத்ததும் அவர்தான். வழக்கில் கண்ணால் பார்த்த ஒரே சாட்சியும் அவர்தான்.

புகார் கொடுத்தோம். மறுநாளே எதிர்ப்புகார் வந்தது: தம்பிதான் வண்டியால் மோதினான், பெண்களைக் கேலி செய்தான் என்று. ‘ரெண்டு பேர் மேலயும் கேஸ் போட்டா ரெண்டு பேருக்கும் கஷ்டம். ரெண்டு தரப்பும் பேசி முடிச்சுக்குங்க’ என்றார்கள். வன்கொடுமை வழக்குகளைப் படிக்கிற எவருக்கும் இந்த முறை தெரியும். எதிர் வழக்கு என்பது ஜெயிப்பதற்காகப் போடுவது அல்ல, முதல் வழக்கை வாபஸ் வாங்க வைப்பதற்காகப் போடுவது. ஒரு அடிக்கு இரண்டு கதை இருந்தால் போதும், அடி மறைந்துவிடும்.

எனக்குச் சட்டம் தெரியும் என்பதால் நாங்கள் தப்பித்தோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 18ஏ பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. ‘ரெண்டு பக்கமும் விசாரிச்சுட்டுத்தான் பதிவோம்’ என்று சொல்ல இடமில்லை. அலைந்து, எழுதிக் கொடுத்து, ஐந்தாம் நாள் பதிவானது. சட்டம் தெரியாத வீட்டில் இரண்டாம் நாளே முடிந்திருக்கும்.

பிறகு அம்மாவிடம் ஆள் வந்தார்கள். மிரட்டவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். “பொய் சொல்லச் சொல்லல. இருட்டிப் போச்சு, சரியாத் தெரியலன்னு சொன்னாப் போதும்.” அவர் வேலைக்குப் போகிற வழியும் பேருந்து நிற்கிற இடமும் அவர்கள் ஊரில் இருக்கிறது. மரவெட்டிக்குக் குறுவாள் என்றால் அம்மாவுக்குப் பேருந்து நிறுத்தம்.

அன்றிரவு நண்பர் ‘ரெண்டு பக்கமும் கேக்கணும்’ என்றபோது அவருக்கு இது எதுவும் தெரியாது. படத்தைப் பற்றித்தான் சொன்னார். பிறகு தம்பி தன் கையைக் காட்டிக் கதையைச் சொன்னான். நண்பர் வெகுநேரம் பேசவில்லை. கிளம்பும்போது, “என்கிட்ட ஏன் சொல்லல தோழர்?” என்று கேட்டார். சொன்னால் நீங்களும் இரண்டு பக்கம் கேட்பீர்களோ என்று பயமாக இருந்தது என்றேன். அவர் மறுக்கவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன்.

என்ன செய்யலாம்?

பல கோணப் படங்களைப் பாருங்கள், சண்டை போட்டு விவாதியுங்கள். கருத்து வேறுபடுவது நல்லது. ஆனால் படம் முடிந்ததும் மூன்று கேள்வி கேட்போம். கதை சொல்ல யாருக்கு இடம் கிடைத்தது? யார் வாயால் சொல்ல வேண்டியதை வேறொருவர் சொன்னார்? எல்லாக் கதையும் கேட்ட பிறகு நான் என்ன முடிவுக்கு வந்தேன், அல்லது முடிவெடுக்காமல் எதிலிருந்து நழுவினேன்?

நடுநிலை என்பது இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது அல்ல. ஒருவர் தரையிலும் ஒருவர் நாற்காலியிலும் இருக்கும்போது நடுவில் நிற்கிறவர் நாற்காலியின் கைப்பிடியில்தான் சாய்ந்திருப்பார். இரண்டு பக்கமும் கேட்பதற்கு முன்னால், தரையில் இருப்பவர் பேச ஒரு நாற்காலி போட வேண்டும்.

சட்டம் அந்த நாற்காலியைத் தாளில் போட்டு வைத்திருக்கிறது. 2015 திருத்தத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர்களின், சாட்சிகளின் உரிமைகளைப் பேசுகிறது. சாட்சியை மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை. ஜாமீன் விசாரணை உட்பட எதற்கும் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழான வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்யவும் அது சொல்கிறது. உங்கள் பகுதியில் வழக்கு நடந்தால் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். விசாரணை நாளில் சாட்சியோடு நான்கு பேர் கூடப் போங்கள். தனியாக நிற்கிறவருக்குத்தான் ‘இருட்டிப் போச்சு’ என்று சொல்லத் தோன்றும்.

15ஏ பற்றி அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு வீடியோ விஷயம்தான் மனதில் நின்றது.

“நான் சொல்றதப் படம் பிடிப்பாங்களா?”

“பிடிக்கணும்மா. சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

“பிடிக்கட்டும்” என்றார்.

அடுத்த மாதம் வாய்தா. நண்பர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.